கேன்: நாணல் கூடை முதல் அடைத்த தகரம் வரை
பாத்திரங்களின் பயணம் – 7

தெற்கு ஈராக்கின் சதுப்பு நிலங்களில் இன்றைக்கும் இரண்டு ஆள் உயரத்துக்கு நாணல் வளர்கிறது. அங்கே வாழ்கிறவர்கள் அதை அறுத்து, கட்டுக்கட்டாகச் சேர்த்து, வில் போல் வளைத்து நட்டு, ஊர்ப் பொதுமண்டபத்தையே எழுப்பிவிடுகிறார்கள். ஆணி கிடையாது, செங்கல் கிடையாது. உருக் என்ற பழைய நகரத்தில் கிடைத்த கல்தொட்டி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தையது. அதன் பக்கத்தில் செதுக்கியிருப்பது அதே மாதிரியான நாணல் கொட்டில். அதைச் சுற்றி ஆடுகள்.

அந்த மண்ணில் வழங்கிய அக்காடிய மொழியில் நாணலுக்குப் பெயர் 'கனூ'. நாணல் அவர்களுக்கு வெறும் புல் இல்லை. அதன் நுனியைச் சீவித்தான் ஈரக் களிமண்ணில் எழுதினார்கள். அதை வைத்துத்தான் நிலம் அளந்தார்கள். ஆறு முழம் கொண்டது ஒரு நாணல். அதைப் பின்னித்தான் பாயும் கூடையும் செய்தார்கள். வணிகர்களோடு அந்தச் சொல்லும் மேற்கே நகர்ந்தது. எபிரேயத்தில் 'கானெ', கிரேக்கத்தில் 'கன்னா', அங்கிருந்து லத்தீனிலும் 'கன்னா'.

சென்ற வாரம் போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்திறங்கிய பீப்பாயைப் பார்த்தோம். இந்த வாரம் 'கேன்'. மூன்றெழுத்து ஆங்கிலச் சொல். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட அன்றாடம் புழங்குகிற சொல். அதன் வேரைத் தேடினால் இந்த நாணல் காட்டில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நாணலின் குணம் இரண்டு. நேராக வளரும், உள்ளே கூடாக இருக்கும். இந்த இரண்டு குணத்தையும் பிடித்துக்கொண்டு ஐரோப்பிய மொழிகளில் ஒரு பெரிய குடும்பமே கிளைத்தது. நேராக இருப்பதால் அளவுகோல், அளவுகோலிலிருந்து விதி; கிறிஸ்தவத் திருச்சபையின் சட்டத்தைக் 'கேனன்' என்பது அப்படி வந்தது. கூடாக இருப்பதால் குழாய். பீரங்கிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் 'பெரிய குழாய்' என்ற இத்தாலியச் சொல். நீர் ஓடும் 'கெனால்', மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் 'கேனுலா' எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிரெஞ்சுக்காரர் இலவங்கப்பட்டையைக் 'கனெல்' என்கிறார்கள். இலங்கையில் பட்டையை உரித்துக் காயவைத்தால் அது சுருண்டு சின்னக் குழலாகிவிடுவதைப் பார்த்து வைத்த பெயர் அது. நம் வீட்டுத் தோட்டத்துக் கல்வாழைக்கும் தாவரவியலார் 1753-ல் இட்ட பெயர் 'கன்னா'தான்.

இந்தக் குடும்பத்தில் நாம் தொடர வேண்டியது கூடையை. நாணல் பின்னிய கூடைக்குக் கிரேக்கத்தில் இருந்த பெயர்களில் ஒன்று 'கனாஸ்ட்ரோன்'. லத்தீனில் அது 'கனிஸ்ட்ரம்' ஆனது. ரொட்டியும் பழமும் பூவும் வைக்கிற கூடை. அது எவ்வளவு சாதுவான பொருள்! ஆனால் ஏதென்ஸ் நகரத்தில் ஒரு கூடையால் ஆட்சியே ஆட்டம் கண்டிருக்கிறது.

ஏதென்ஸின் பெருவிழாவில் அதீனா தேவிக்கு ஊர்வலம் போகும். ஊர்வலத்தில் கூடை ஏந்திப் போகும் பெண்களுக்குக் 'கனேஃபோரோஸ்' என்று பெயர். நல்ல குடும்பத்துக் கன்னிப் பெண்களுக்கு மட்டுமே அந்தப் பேறு கிடைக்கும். கூடைக்குள் பலிக்கான பார்லி தானியம், அதற்கடியில் பலியிடும் கத்தி. அக்காலத்தில் ஏதென்ஸை ஆண்டவன் ஹிப்பியாஸ் என்ற சர்வாதிகாரி. அவன் தம்பி ஹிப்பார்க்கஸ், ஹார்மோடியஸ் என்ற இளைஞன் மேல் ஆசைப்பட்டு, அவன் மறுத்துவிட்டதால் வன்மம் வைத்திருந்தான். ஒரு ஊர்வலத்தில் கூடை ஏந்துவதற்கென்று ஹார்மோடியஸின் தங்கையை அழைத்துவிட்டு, அவள் வந்து நின்றதும், 'உன்னை யார் கூப்பிட்டது? உனக்கு அந்தத் தகுதி ஏது?' என்கிற விதத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஊரறிய நடந்த அவமானம் அது. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார்.

கி.மு. 514-ல் பெருவிழா நாள் வந்தது. குடிமக்கள் ஆயுதம் ஏந்தி நின்றால் சந்தேகம் வராத நாள் அது ஒன்றுதான். ஹார்மோடியஸும் அவன் தோழன் அரிஸ்டோகெய்ட்டனும் ஹிப்பார்க்கஸைக் குத்திக் கொன்றார்கள். ஹார்மோடியஸை அங்கேயே காவலர்கள் வெட்டினார்கள். தோழன் பிடிபட்டுப் பிறகு இறந்தான். ஹிப்பியாஸ் இன்னும் கொடூரமாக மாறி, நான்கே ஆண்டில் நாட்டைவிட்டு விரட்டப்பட்டான். பிற்கால ஏதென்ஸ் அந்த இருவருக்கும் சிலை வைத்து, கொடுங்கோலை வீழ்த்திய வீரர்கள் என்று கொண்டாடியது. உண்மையில் ஆண்டுகொண்டிருந்தவன் அண்ணன்தான், கொல்லப்பட்டவன் தம்பி, காரணம் சொந்தப் பகை என்று துசிடிடீஸ் தன் ஊராரைத் திருத்தப் பார்த்தார். கைக்கு வராமல் போன ஒரு கூடைக்கு இவ்வளவு பின்கதை.

கூடை உலோகமானது வெகுகாலம் கழித்து. லத்தீன் 'கனிஸ்ட்ரம்' ஆங்கிலத்தில் 'கேனிஸ்டர்' ஆகி, முதலில் கூடையையே குறித்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலை போட்டு வைக்கும் உலோகப் பெட்டிக்கு அந்தப் பெயர் நகர்ந்தது. சீனத் தேயிலை அன்று பொன் விலை விற்ற பண்டம். காற்று புகாமல் மூடிவைக்கக் கூடை பயன்படாது. இன்னொரு பக்கம், பழைய ஆங்கிலத்தில் 'கன்னெ' என்று குடிகலத்துக்கு ஒரு சொல் தனியாகவே இருந்தது. ஜெர்மானிய மொழிகள் பலவற்றிலும் அது உண்டு. அதுவும் லத்தீன் நாணலிலிருந்து பிறந்ததா, வேறு பிறப்பா என்பதில் மொழியியலாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் இரண்டு சொற்களும் பின்னால் ஒரே பாத்திரத்தில் வந்து சேர்ந்துவிட்டன. அந்தப் பாத்திரத்தின் கதைதான் இந்த அத்தியாயத்தின் உயிர்.

பாரிஸில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர் நிக்கோலா அப்பேர். சர்க்கரைப் பாகில் பழம் கெடாமல் இருப்பதைத் தினமும் பார்த்த மனிதர். சர்க்கரையும் உப்பும் புகையும் இல்லாமல் உணவை அதன் ருசியோடு வைக்க முடியாதா என்று பல ஆண்டுகள் மெனக்கெட்டார். மஸ்ஸி என்ற ஊரில் தோட்டமும் பட்டறையும் போட்டார். அவர் முறை எளிமையானது. அகன்ற வாய் கொண்ட கண்ணாடிக் குடுவையில் பட்டாணியோ இறைச்சியோ நிரப்புவது, தக்கையை இறுக்கி அடித்துக் கம்பியால் கட்டுவது, குடுவையைத் துணியில் சுற்றிக் கொதிநீரில் மணிக்கணக்கில் வைப்பது. அவ்வளவுதான். கெடவில்லை. ஏன் கெடவில்லை என்பது அவருக்கும் தெரியாது, உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லப் போகும் லூயி பாஸ்டர் அப்போது பிறக்கவே இல்லை.

1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது, முறையைப் புத்தகமாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்பேர் ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். அந்தப் புத்தகத்தைப் பார்த்து உலகமே கற்றுக்கொண்டது. நான்கே ஆண்டில் பாரிஸை நோக்கி வந்த பகைப்படைகளால் அவருடைய மஸ்ஸி பட்டறை நாசமானது. மறுபடி எழுந்து உழைத்தவர், 1841-ல் ஏழையாகவே இறந்தார். இத்தனை கோடி வயிறுகளுக்குச் சோறு காத்துக் கொடுத்த மனிதருக்கு நேர்ந்த முடிவு இது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அதே 1810 ஆகஸ்டில் லண்டனில் பீட்டர் டியூராண்ட் என்ற வணிகர் ஒரு காப்புரிமை வாங்கினார். வெளிநாட்டு நண்பர் ஒருவர் சொன்ன யோசனை என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த நண்பர் பிலிப் த ழிரார் என்ற பிரெஞ்சுக்காரர். புதுமை என்னவென்றால், கண்ணாடி மட்டுமல்ல, வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடும் ஆகும் என்றது அந்தக் காப்புரிமை. தகரம் உடையாது. குதிரை வண்டியில் குலுங்கினாலும் கப்பலில் உருண்டாலும் தாங்கும். காகித இயந்திரம் செய்து பெயர் வாங்கிய பிரயன் டாங்கின் என்ற பொறியாளர் கூட்டாளிகளோடு அதை வாங்கி, லண்டன் பெர்மாண்ட்சியில் ஆலை போட்டார். 1813-ல் அவருடைய டின் இறைச்சி அரச குடும்பத்தின் சாப்பாட்டு மேசைக்கே போய், நன்றாக இருக்கிறது என்று கடிதம் வந்தது. பிறகு கடற்படை வாங்கத் தொடங்கியது.

ஒவ்வொரு டின்னும் கைவேலை. தகட்டை வெட்டி, உருட்டி, ஓரத்தை ஈயப் பற்று வைத்து ஒட்டி, அடி வைத்து, உணவை நிரப்பி, மேல்மூடியில் ஒரு சிறு துளை மட்டும் விட்டு, சூடாக்கி, கடைசியில் அந்தத் துளையையும் ஒரு சொட்டு பற்றால் அடைக்க வேண்டும். டாங்கின் இதோடு நிறுத்தவில்லை. அடைத்த டின்களை வெதுவெதுப்பான அறையில் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருந்தார். உள்ளே கெட்டால் வாயு உண்டாகி டின் உப்பும். உப்பினதைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் அனுப்பினார். நான் இந்தக் கதை முழுவதிலும் பெரிதாக மதிப்பது அந்த ஒரு மாதத்தைத்தான். ஏனென்றால் நாணல் கூடையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். அடைத்த தகரத்துக்குள் இருப்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. அடைத்தவனுக்குத்தான் தெரியும்.

அந்த டின்னைத் திறப்பதே பெரும்பாடு. மேல்விளிம்பை ஒட்டி உளியும் சுத்தியும் வைத்து வெட்டவும் என்று டின்னிலேயே எழுதியிருந்தது. டின் வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் திறப்பான் வந்தது. இங்கிலாந்தில் 1855, அமெரிக்காவில் 1858.

வட துருவத்துப் பனிக்கடலில் கப்பல் வழி தேடிப் போன எட்வர்ட் பேரி, 1824 பயணத்தில் டாங்கின் ஆலை டின்களைக் கொண்டுபோனார். அவருடைய இரண்டு கப்பல்களில் 'ஃப்யூரி' பனியில் சிக்கி உடைந்தது. அதிலிருந்த சரக்கையெல்லாம் கரையில் அடுக்கிவைத்துவிட்டு எல்லோரும் மற்ற கப்பலில் திரும்பினார்கள். சில ஆண்டு கழித்து ஜான் ராஸ் என்பவரின் குழு அதே பகுதியில் கப்பலை இழந்து, நடந்தே அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. 1832-33 குளிர்காலம் முழுவதும் அவர்கள் உயிர் பிழைத்தது ஃப்யூரி விட்டுப்போன உணவால். பேரியோடு போய்வந்த கன்றிறைச்சி டின் ஒன்று திறக்கப்படாமலேயே இங்கிலாந்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. 1938-ல் அதை விஞ்ஞானிகள் திறந்து எலிகளுக்கும் பூனைக்கும் போட்டார்கள். தின்ற பிராணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதே தகரம், இதே ஈயப்பற்று, வேறொரு கையில் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்டீபன் கோல்ட்னர் என்ற ஒப்பந்தக்காரர் மற்றவர்களைவிட விலை குறைத்துக் கேட்டு பிரிட்டிஷ் கடற்படையின் டின் இறைச்சி ஒப்பந்தத்தைப் பிடித்தார். 1845 மே மாதம் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் வட துருவக் கடலுக்குப் புறப்பட்டன. 129 பேர். சுமார் 8,000 டின்கள், அத்தனையும் கோல்ட்னர் கொடுத்தவை. ஒப்பந்தம் கையெழுத்தானதோ புறப்படச் சில வாரங்களுக்கு முன்புதான். சூடான அறையில் ஒரு மாதம் வைத்துப் பார்க்க நேரம் ஏது?

ஒருவர்கூடத் திரும்பவில்லை. 1984-லும் 1986-லும் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் ஓவன் பீட்டி, பீச்சி தீவில் பனிக்குள் உறைந்திருந்த மூன்று மாலுமிகளின் உடல்களைத் தோண்டியெடுத்துச் சோதித்தார். ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. அருகே கிடந்த டின்களில் பற்று தாறுமாறாக வழிந்திருந்தது. டின்களே கொன்றுவிட்டன என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதுதான் சரி. அந்தக் காலத்து ஆங்கிலேயர் உடம்பிலெல்லாம் ஈயம் இருந்தது. கப்பலின் நீர்க்குழாய்களில் இருந்தும் வந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். காசநோய், பசி, குளிர் எல்லாம் சேர்ந்தே அந்த 129 பேரைக் கொண்டுபோயின. எரபஸ் 2014-லும் டெரர் 2016-லும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன.

ஆனால் கோல்ட்னர் மீது அழியாத சாட்சி வேறிடத்தில் இருக்கிறது. 1852 ஜனவரியில் கோஸ்போர்ட் கடற்படைக் கிடங்கில் அவருடைய டின்களை அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். முதலில் திறந்த முந்நூற்றுச் சொச்சத்தில் தின்னத் தகுந்தவை ஐம்பதுகூடத் தேறவில்லை. இறைச்சி என்று எழுதியிருந்த டின்களில் கல்லீரல் துண்டுகள், நாக்கின் வேர், உறைந்த ரத்தம், குடல். நாற்றம் தாங்காமல் தரையில் மருந்து தெளித்துக்கொண்டே வேலை செய்தார்கள். பெரிய பெரிய டின்களாகப் போட்டதால் வெப்பம் நடுவரை போகாமல் உள்ளே வேகவே இல்லை என்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு கடற்படை டெட்ஃபோர்டில் சொந்தமாகவே ஆலை நடத்தத் தொடங்கியது.

'கேனிஸ்டர்' சுருங்கிக் 'கேன்' ஆனது அமெரிக்காவில். இங்கிலாந்திலிருந்து பாஸ்டனுக்குப் போன வில்லியம் அண்டர்வுட் முதலில் கண்ணாடிக் குடுவையில் உணவு அடைத்து விற்று, 1839 வாக்கில் தகரத்துக்கு மாறினார். அவருடைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் நீளமான சொல்லைச் சுருக்கி எழுதியதில் வந்தது 'கேன்' என்று ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் அதையே 'டின்' என்றார்கள். இலங்கைத் தமிழர் கடைக்குப் போய் 'ரின் மீன்' கேட்பதும் நாம் 'எண்ணெய் டின்' என்பதும் ஆங்கிலேயரிடமிருந்து வந்த வழக்கு.

அண்டர்வுட்டின் பேரன் காலத்தில் நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். சிப்பி அடைத்த டின்கள் உப்பிக்கொண்டே இருந்தன. 1895-ல் அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போய், சாமுவேல் பிரெஸ்காட் என்ற இளம் ஆய்வாளரிடம் முறையிட்டார். இருவரும் சேர்ந்து நுண்ணோக்கி வழியே பார்த்தபோது, கொதிநீரிலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் இருப்பது தெரிந்தது. நீராவி அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோய், போதிய நேரம் நிறுத்தினால் அவை மடிந்தன. இன்றும் ஆலைகள் கணக்கிடும் அடிப்படை வெப்பநிலை அதுதான். அப்பேர் அறியாமலே கண்டதற்கு முழு விடை கிடைக்க 85 ஆண்டு ஆனது. இந்த ஆய்வுக்கு அவர்கள் காப்புரிமை கேட்கவில்லை. எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள்.

ஆசியாவுக்குத் தகரம் பெருமளவில் வந்து சேர்ந்தது உணவோடு அல்ல, மண்ணெண்ணெயோடு. அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நீல டின்களில் மண்ணெண்ணெயை அடைத்து, பெட்டிக்கு இரண்டு டின்னாக அனுப்பியது. மார்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வணிகர் 1892-ல் சூயஸ் கால்வாய் வழியாக டேங்கர் கப்பலில் எண்ணெயை மொத்தமாகக் கொண்டுவந்தார். செலவு பாதியாகக் குறையும், மக்கள் சொந்தப் பாத்திரத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. யாரும் வரவில்லை. மக்களுக்கு எண்ணெய் எவ்வளவு வேண்டியிருந்ததோ அவ்வளவுக்குத் தகரமும் வேண்டியிருந்தது. கூரைக்கு வேய, அடுப்பு செய்ய, தண்ணீர் சுமக்க எல்லாவற்றுக்கும் அந்தக் காலி டின். சாமுவேல் அவசர அவசரமாகத் தகடுகளை வரவழைத்து, கிழக்கு நாடுகளிலேயே சிவப்பு டின்கள் செய்ய வைத்தார். அவர் தொடங்கிய நிறுவனம்தான் ஷெல். வாயில் குறுக்குக் கட்டை அடித்த மண்ணெண்ணெய் டின்னைக் காவடியாகத் தோளில் போட்டுத் தண்ணீர் சுமந்தவர்களை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள்.

இப்போது தமிழ்நாட்டில் 'கேன்' என்று சொன்னால் மறு பேச்சில்லாமல் 20 லிட்டர் தண்ணீர் கேன்தான். அது தகரமும் இல்லை, நாணலும் இல்லை, பிளாஸ்டிக். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது சென்னை எத்தனை வீடுகளில் இந்தக் கேனை நம்பி உயிர் பிடித்திருந்தது என்பதைப் பட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதால் உள்ளே இருப்பது தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தண்ணீரில் கிருமி கண்ணுக்குத் தெரியாது. 1845-ல் மாலுமிகள் எந்த நிலையில் இருந்தார்களோ, கேன் வாங்கும் நாமும் அந்த நிலையில்தான் இருக்கிறோம். அடைத்தவரை நம்பியே குடிக்கிறோம்.

அதனால் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கேன் வீட்டுக்கு வரும்போது, கொண்டுவரும் தம்பியை ஒரு நிமிடம் நிறுத்தி, மூடிமேல் உள்ள உறை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த தேதி இருக்கிறதா, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் படிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். கேன் முழுக்கக் கீறலும் பாசியுமாக இருந்தால், வெயிலில் நாள் கணக்காகக் கிடந்தது என்று தெரிந்தால், வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். அவர் முகம் கோணினாலும் பரவாயில்லை. அடுத்த முறை நல்ல கேன் வரும்.

(அடுத்த வாரம்: பாட்டில்)